தூணில்லாத கோயிலில் ஒரு தட்டிப் பார்ப்பவர்

கட்டடம் பார்க்கிறவர்களில் பல வகை உண்டு. அண்ணாந்து பார்த்துவிட்டு வாயை மூட மறந்துபோகிறவர்கள் ஒரு வகை. வாசலில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு உள்ளே போகாமலே ஊர் திரும்புகிறவர்கள் ஒரு வகை. கழிப்பறை எங்கே என்று மட்டும் விசாரித்து, அதை வைத்தே முழுக் கட்டடத்துக்கும் மார்க் போடுகிறவர்களும் உண்டு. இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை, விட்டுவிடுவோம். இங்கே பேசப்போவது தட்டிப் பார்ப்பவரைப் பற்றி.

அவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்யாண மண்டபமோ கண் ஆஸ்பத்திரியோ, எதற்குள் நுழைந்தாலும் முதலில் மேலே பார்ப்பார், பிறகு கீழே பார்ப்பார், பிறகு தம்மை யாராவது கவனிக்கிறார்களா என்று பக்கவாட்டில் பார்ப்பார், கவனிக்காவிட்டால் கவனிக்கும்வரை காத்திருப்பார், அப்புறம் வலது கை நடுவிரலை மடக்கி அந்த முட்டியால் பக்கத்தில் இருக்கிற தூணையோ சுவரையோ கதவையோ மூன்று தட்டுத் தட்டி, காதை வைத்து, கண்ணை மூடி, நாடி பிடிக்கும் வைத்தியர் மாதிரி ஒரு கணம் நின்றுவிட்டுத் தீர்ப்பைச் சொல்வார். தீர்ப்பு ஒன்றுதான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா..."

அந்த "ஆனா"வில்தான் ஐயா மனிதரின் ஜீவனே இருக்கிறது. நல்லாத்தான் இருக்கு என்பதெல்லாம் சும்மா, செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வருகிற மாதிரி ஒரு மரியாதை. இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு என்றாலும், காரைக்குடி வட்டாரத்தில் கொஞ்சம் செழிப்பாகவே வளரும். காரணம் இருக்கிறது. மற்ற ஊர்க்காரர் "ஆனா" என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு என்ன சொல்வது என்று தடுமாறுவார். இங்கே அந்தக் கஷ்டமில்லை. "ஆனா"வுக்குப் பின்னால் நிறுத்த ஆளுக்கு ஒரு பூர்வீக வீடு தயாராக இருக்கிறது. கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பு, முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளக்கூடிய சுவர், பர்மாவிலிருந்து வந்த தேக்கு! ஒரு மூச்சு வாங்கினால் போதும், கால் மணி நேரம் ஓடும்.

நம்முடைய லட்சுமணன் அப்படிப்பட்ட ஒருவர். வயது அறுபத்து நான்கு. கோயம்புத்தூரில் ஒரு நூற்பு மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்று, காரைக்குடியில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் குடியிருக்கிறார். பூர்வீக வீடு வலையபட்டியில் இருக்கிறது. தெருவின் இந்த முனையில் வாசல், அடுத்த தெருவில் கொல்லைக்கதவு. அதில் பங்காளிகள் இருபத்திரண்டு பேர். லட்சுமணன் பங்குக்கு வருவது ஒன்றரை அறையும், முற்றத்தைச் சுற்றியுள்ள முன்வளவில் உத்தேசமாக முக்கால் தூணும். அந்த முக்கால் தூணை வைத்துக்கொண்டுதான் மனிதர் உலகத்திலிருக்கிற முழுத் தூண்களையெல்லாம் நாற்பது வருஷமாகத் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். குடியிருக்கிற ஃப்ளாட்டின் சுவரை மட்டும் அவர் ஒருநாளும் தட்டியதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவர் தட்டாத இடம் எது? மைத்துனர் நெஞ்சுவலி வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது, பார்க்கப் போனவர் தடுப்புச் சுவரைத் தட்டி, "ஜிப்சம்" என்றார். நோயாளி அதைத் தம் வியாதியின் பெயர் என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கு முழுக்கக் கவலைப்பட்டார். ஒரே ஒரு தரம் விமானத்தில் போனபோது ஜன்னலோரச் சுவரை மும்மூன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று ஒவ்வொரு தடவையும் பணிப்பெண் தண்ணீரோடு ஓடி வந்தாள். கொண்டுவந்த பிள்ளை மனசு கஷ்டப்படக்கூடாதே என்று இவரும் குடித்து வைத்தார். சென்னையில் இறங்கியபோது அவருக்கு அவசரம் வேறாக இருந்தது.

இவருக்கு ஒரே மகள், சௌபர்ணிகா. தட்டிப் பார்ப்பவருக்குப் பிறந்த பிள்ளை என்ன படிக்கும்? கட்டடக் கலைதான் படித்தது. ராத்திரி பகலாக உட்கார்ந்து கல்லூரியில் ஒரு நூலகத்துக்கு மாடல் செய்து வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியது. அப்பச்சி, அந்தப் பக்கத்தில் அப்பாவுக்கு அதுதான் பெயர், மேலே பார்த்தார், கீழே பார்த்தார், தட்டினார். கூரை உள்ளே விழுந்துவிட்டது. "நல்லாத்தான் இருக்குத்தா. ஆனா தெர்மாகோல்" என்றார். அந்தப் பெண் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. முதல் வகுப்பில் தேறியபோதும், சென்னையில் வேலை கிடைத்தபோதும், தனியாக அலுவலகம் போட்டபோதும் ஒவ்வொன்றுக்கும் ஒரு "ஆனா" வந்தது. மகள்மேல் ஆசையில்லாமலா? உயிரே வைத்திருந்தார். அவள் இல்லாத இடத்தில் அவளைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் கேட்கிறவன் பஸ்ஸைத் தவறவிட வேண்டியதுதான். நேரில் பார்த்தால் மட்டும் நாக்கு இந்தப் பாதையை விட்டு வேறு பாதையில் போகாது.

இந்த நிலைமையில்தான் கோயில் வேலை வந்தது. கேரளத்திலிருந்து வேலைக்கு வந்து காரைக்குடியிலேயே தங்கிவிட்ட ஆர்த்தடாக்ஸ் சபைக் குடும்பங்கள் சேர்ந்து, சாக்கோட்டைப் பக்கம் ஒரு தேவாலயம் கட்டத் தீர்மானித்தார்கள். பிஷப்புக்கு ஆசனம் போட்ட கோயிலுக்குத்தான் கத்தீட்ரல் என்று பெயராம், அந்தத் தகுதியில் கட்ட வேண்டும், பழைய முறை குலையக்கூடாது, பார்த்தால் இந்தக் காலத்துக் கட்டடமாகவும் தெரிய வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வரைபடம் சௌபர்ணிகாவுடையது. நான்கு வருஷம் வெயிலில் நின்று கட்டினாள். அந்த நான்கு வருஷமும் அப்பச்சியை அந்தப் பக்கம் அண்டவிடவில்லை.

பிரதிஷ்டைக்கு நாள் குறித்ததும் தாயாருக்குப் போன் செய்தாள். தாயார் மெய்யம்மை, அக்கம்பக்கத்துக்கு மெய்யம்மை ஆச்சி. மகள் சொன்னது இதுதான்: அப்பச்சி வர வேண்டும். வந்து பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பின்னால் "ஆனா" என்று ஒரு வார்த்தை வந்தால், இனிமேல் தான் கட்டுகிற எந்தக் கட்டடத்துக்கும் அவரைக் கூப்பிடப் போவதில்லை. ஆச்சி அதை அப்படியே கணவரிடம் சொன்னார். இது என்ன பெரிய காரியம், சொல்லிவிட்டால் போகிறது என்று லட்சுமணன் கண்ணாடி முன்னால் போய் நின்றார்.

நீங்களும் முயன்று பாருங்கள், சுலபமில்லை. "நல்லா இருக்கு" என்பார். வாயை மூடுவார். மூடிய வாய்க்குள் "ஆனா" வந்து உட்கார்ந்துகொள்ளும். கன்னம் இரண்டும் உப்பும். முகம் சிவக்கும். கடைசியில் காற்றோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். ஒரு வாரம் காலையும் மாலையும் பழகினார். மாத்திரை நேரம் தவறினாலும் இது தவறவில்லை. ஆறாம் நாள் ஒரு தரம் வெற்றி கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில், "பரவாயில்லையே! ஆனா..." என்று ஆரம்பித்துவிட்டார்.

வாயை அவர் பார்த்துக்கொள்வார், கையை யார் பார்த்துக்கொள்வது? ஆச்சி அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பெண் கட்டிய கட்டடத்தைப் பார்க்க வெறுங்கையோடு போகலாமா? அகலமான எவர்சில்வர் தாம்பாளத்தில் ஆப்பிள், மாதுளை, சீப்புச் சீப்பாக வாழைப்பழம், கற்கண்டு, மேலே ஒரு அன்னாசி. இரண்டு கையாலும் தாங்கினால்தான் நிற்கும். காரிலிருந்து இறங்கியதுமே அதைக் கணவர் கையில் கொடுத்துவிட்டார்.

"மங்கலச் சாமானு. கீழ வச்சிராதீக" என்றார்.

லட்சுமணன் கட்டடத்தைப் பார்த்தார். செம்மண் நிறத்தில் வழவழப்பில்லாத உயரமான சுவர்கள், அதற்கு மேலே சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரு பெரிய குவிமாடம், உச்சியில் சின்னதாக ஒரு சிலுவை. கொடுங்கை இல்லை, சுதை பொம்மை இல்லை, வளைவு நெளிவு எதுவுமில்லை. முதல் "ஆனா" அங்கேயே வந்தது, விழுங்கினார். சுற்றிவரப் புறப்பட்டார். பக்கத்துச் சுவரில் மர ரேகை தெரிந்தது. நெடுக ஓடுகிற ரேகை, நடுநடுவே கணு, பலகைக்குப் பலகை இடைவெளி. மனிதருக்குக் கை பரபரவென்றது. கை இல்லை. சரி, முழங்கை இருக்கிறதே. ஓரமாக ஒதுங்கி முழங்கையால் மூன்று இடி இடித்தார். கோட்டயத்திலிருந்து விழாவுக்கு வந்திருந்த நாலு பேர் மரியாதையாக நின்று பார்த்தார்கள். பார்க்க ஆளிருந்தால் கேட்பானேன்? பர்மாத் தேக்கு என்று ஆரம்பித்து, ரங்கூனில் எந்த மாதம் மரம் வெட்டுவார்கள், எப்படிக் கப்பலுக்குப் பின்னால் கட்டிக் கடலில் ஊறப்போட்டு இழுத்து வருவார்கள் என்பதுவரை விளக்கினார். அவர்கள் அப்படியா அப்படியா என்று தலையாட்டினார்கள்.

கட்டடத்தைக் கட்டிய மேஸ்திரி கருத்தையா, சலவை வேட்டியில் அங்கே நின்றிருந்தவர், மெல்லப் பக்கத்தில் வந்தார். "அய்யா, அது காங்கிரீட்டு. சென்ட்ரிங் பலகையோட ரேகை அப்புடியே பதிஞ்சிருக்கு. அந்தப் பலகையும் தேக்கில்ல, நம்ம நாட்டு மரந்தான். முழங்கை தோலு பேந்துருக்கு பாருங்க."

நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு சறுக்கல் சறுக்கியதில்லை. கோட்டயத்துக்காரர்கள் நாலு பேரும் நாகரிகமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழங்கை எரிந்தது, அதைவிட உள்ளே எரிந்தது. இன்னொரு தட்டு தட்டி, இன்ன மரம் என்று சரியாகச் சொன்னால்தான் இன்று மத்தியானம் சாப்பாடு இறங்கும் என்று ஆகிவிட்டது. தட்டுவதற்கு உண்மையான மரம் எங்கே? சுற்றிக்கொண்டு மேற்கு வாசலுக்கு வந்தார். பதினைந்தடி உயரத்துக்கு இரட்டைக் கதவு. சாத்தியிருந்தது. பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை.

ஏன் இல்லை? அங்கேதான் விஷயம். அந்தச் சபையின் பிரதிஷ்டை முறைப்படி மேற்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். பாடகர் குழுவும் குருமார்களும் விளக்கு ஏந்தினவர்களும் உள்ளே காத்திருப்பார்கள். பிஷப் ஊர்வலமாக வந்து வெளியிலிருந்து மூன்று முறை தட்டுவார். உள்ளேயிருந்து யார் அது என்று கேட்பார்கள், அவர் பதில் சொல்வார். அதற்கப்புறம் கதவு திறக்கும், பாட்டுப் புறப்படும், கட்டடம் அந்த நிமிஷத்திலிருந்துதான் கோயில். அதுவரை யாரும் கதவுக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்று கமிட்டிச் செயலாளர் மைக்கில் மலையாளத்தில் ஒரு தரமும் தமிழில் இரண்டு தரமும் சொல்லியிருந்தார். லட்சுமணன் அப்போது காங்கிரீட்டில் காதை வைத்திருந்தார்.

அவர் கதவை நெருங்கினார். இரண்டு கையிலும் தாம்பாளம். கீழே வைக்கக் கூடாது. முழங்கை ஏற்கெனவே போய்விட்டது. யோசித்தார். குனிந்து நெற்றியால், டொக், டொக், டொக் என்று மூன்று முட்டு முட்டி, அப்படியே தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார்.

மூன்று தட்டுக் கேட்டதுமே கதவு திறந்தது. யார் அது என்று கேட்க வேண்டிய உள்ளிருந்த குரு, சத்தம் பிஷப் திருமேனியின் கைத்தடிச் சத்தமாக இல்லையே என்று குழம்பிக் கேள்வியை மறந்துபோனார். கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. அதில் பாரம் முழுக்கச் சாய்த்து நின்றவர் என்ன ஆவார்? தாம்பாளத்தைக் காப்பாற்ற ஒரு எட்டு, தம்மைக் காப்பாற்ற இன்னொரு எட்டு, இரண்டும் சேர்ந்து நாலைந்து எட்டாகி நடு மண்டபத்துக்கு வந்துவிட்டார். அறுபது பேர் ஒரே குரலில் பாட ஆரம்பித்தார்கள். தூபக்கால்கள் ஆடின. சாம்பிராணிப் புகையில் யாருக்கும் யாரும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் வரிசையாக நின்றவர்கள் தலை குனிந்தார்கள். நடுவில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் லட்சுமணன் அன்னாசிப் பழத்தோடு போய்க்கொண்டிருந்தார். திரும்பலாமென்றால் பின்னால் விளக்கோடு ஒரு கூட்டமே சேர்ந்து வருகிறது. முன் வரிசையில் இருந்த ஒரு மூதாட்டிக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. பிஷப் அரைக்கைச் சட்டை போட்டு அவர் பார்த்ததில்லை.

பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது. லட்சுமணன் எங்காவது ஒரு தூண் மறைவில் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று பார்த்தார். தூண் இல்லை. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கமும் பார்த்தார். நாற்காலி பெஞ்சு எதுவும் போடாத, எல்லாரும் நின்றே தொழுகிற பெரிய வட்டமான இடம். ஒரு தூண்கூட இல்லை. அண்ணாந்து பார்த்தார். குவிமாடத்தின் அடியில் சுற்றிவரச் சின்னச் சின்ன ஜன்னல்கள், அவ்வளவிலும் வெயில். குவிமாடம் சுவரில் உட்கார்ந்த மாதிரியே இல்லை, வெளிச்சத்தின்மேல் வைத்த மாதிரி இருந்தது. மேலே பார்த்தவர் கீழே பார்க்க மறந்துவிட்டார்.

இதற்குள் செயலாளர் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடினார். பிஷப் பின்பக்கப் பந்தலில் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வந்து, திறந்து கிடந்த கதவையும் உள்ளே தாம்பாளத்தோடு நின்ற மனிதரையும் பார்த்தார். நரைத்த தாடி குலுங்கச் சிரித்தார். கதவைச் சாத்துங்கள், முதலிலிருந்து தொடங்கலாம், முந்தி வந்தவரை வெளியே அனுப்ப வேண்டாம், உள்ளேயே இருக்கட்டும் என்றார். கதவைச் சாத்தினார்கள். உள்ளே ஊசி விழுந்தால் கேட்கும். பிஷப் கைத்தடியால் ஓங்கி மூன்று முறை தட்டினார்.

உள்ளேயிருந்து, முறைப்படி, யார் அது என்று கேள்வி வர வேண்டும். குரு மூச்சை இழுத்தார். அதற்குள் வேறொரு குரல் கணீரென்று முந்திக்கொண்டது.

"தேக்கில்ல. பலா. நல்லாக் காஞ்ச பலா."

கண்ணை மூடியபடி சொன்னவர், கண்ணைத் திறந்தபோது எதிரில் சௌபர்ணிகா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். கதவு உண்மையிலேயே பலா. அன்று முழுக்க அவர் சொன்ன ஒரே சரியான தீர்ப்பு அதுதான், யார் பாராட்டப் போகிறார்கள்? வெளியே பிஷப் மறுபடி சிரித்து அடங்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. பிறகு எல்லாம் முறைப்படி நடந்து முடிந்தது. லட்சுமணன் சுவரோரமாகத் தாம்பாளத்தைத் தாங்கிக்கொண்டே மூன்று மணி நேரம் நின்றார்.

சாப்பாட்டுக்கு எல்லாரும் பந்தலுக்குப் போன பிறகு மகள் வந்தாள். தாயார் ஓடி வந்து தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு நடுவில் நின்றார். மகளுக்குக் கோபத்தில் உதடு துடித்தது.

"நாலு வருசமா ஒங்க கையை நெனச்சு நெனச்சுத்தான் வரஞ்சேன் அப்பச்சி. எதையாச்சும் தட்டிருவீகன்னுதான் உள்ள ஒரு தூணுகூட வைக்கல. கதவைத் தேடிப் போயி நெத்தியால தட்டுறீக."

லட்சுமணனுக்கு இப்போதுதான் விளங்கியது. பெற்ற பெண் தன் ஒரு விரலுக்குப் பயந்துகொண்டு தூணே இல்லாமல் ஒரு கோயிலைக் கட்டியிருக்கிறது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. மறுபடி அண்ணாந்து பார்த்தார். நெஞ்சுக்குள் கிடந்தது அவரையும் அறியாமல் வெளியே வந்தது.

"தூணில்லாம இது எப்புடித்தா நிக்குது?"

அறுபத்து நான்கு வயதில் ஒரு கட்டடத்தைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. சௌபர்ணிகா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு சொன்னாள். குவிமாடத்தின் அடியில் இறுக்கிப் பிடிக்க ஒரு வளையம் ஓடுவது, ஜன்னலுக்கு ஜன்னல் நடுவேயிருக்கிற குட்டைக் கால்கள் பாரத்தை வாங்குவது, சுவருக்குள்ளேயே மறைந்திருக்கிற நாலு வளைவுகள் அதைத் தரைக்கு இறக்குவது என்று கையை ஆட்டி ஆட்டி அரை மணி நேரம் சொன்னாள். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார். மெய்யம்மை ஆச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு கணவரின் வாயையே பார்த்தார்.

"நல்லா இருக்கு" என்றார் லட்சுமணன்.

கன்னம் உப்பவில்லை. முகம் சிவக்கவில்லை. சொன்னது சொன்னபடி நின்றது. ஆச்சி, இது எந்தச் சாமியின் இடம் என்ற யோசனையெல்லாம் இல்லாமல் கையெடுத்துக் கும்பிட்டார்.

சௌபர்ணிகா காத்திருந்தாள்.

"அப்பறம்?" என்றாள்.

"அப்பறமென்ன, நல்லா இருக்குத்தா. அம்புட்டுத்தான்."

பிறந்ததிலிருந்து அவள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. வந்துவிட்டது. முழுசாக, பின்னால் வால் இல்லாமல். அந்தப் பெண்ணின் முகம் மலர வேண்டாமா? மலரத்தான் ஆரம்பித்தது. பாதியில் நின்றது. புருவம் சுருங்கியது. "என்னத்தையோ மறைக்கிறீக" என்றாள். இல்லவே இல்லை என்றார் அவர். அப்பச்சி குறை சொல்லாத கட்டடமா? அப்படியானால் சொல்ல முடியாத அளவுக்கு ஏதோ பெரிய குறை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அவள் மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். வடக்குச் சுவருக்கு விறுவிறுவென்று போனாள். வலது கை நடுவிரலை மடக்கி மூன்று தட்டுத் தட்டி, காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு அப்பச்சி" என்றாள் அங்கிருந்தே. "ஆனா..."

அப்பச்சியும் ஆத்தாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லட்சுமணன் தாம்பாளத்திலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்தார்.

இவர்களைப் பார்த்து ரொம்பச் சிரித்துவிட வேண்டாம். மனைவி புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? பிள்ளை தொண்ணூற்றெட்டு மார்க்கோடு வந்தபோது? அவ்வளவு தூரம் போவானேன், இதோ இந்தக் கேலிச் சித்திரத்தையே கடைசி வரை படித்துவிட்டீர்கள். நல்லாத்தான் இருக்கு என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம், மகிழ்ச்சி. அடுத்தபடியாக உங்கள் நாக்கு நுனியில் வந்து நிற்கிறதே ஒரு வார்த்தை, அதை மட்டும் விழுங்கிவிடுங்கள் பார்ப்போம்.